தூசிக்கு வெல்லம்

சுப்புராயனைப் பற்றிக் குறை சொல்ல நல்லூர் வட்டாரத்தில் ஓர் ஆள் கிடைக்க மாட்டான். கமலத்துக்குத் தொல்லையே அதுதான். அவள் கூடப் பிறந்த தங்கை. அண்ணன் மேல் இருந்த ஆத்திரத்தை அவள் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பாள்? வாயைத் திறந்தால் சொன்னவள் நாக்குத்தான் அழுகும் என்பார்கள். அந்த அளவுக்கு நல்லவன் அவன். அதில் கமலத்துக்கே சந்தேகம் கிடையாது. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டு அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள்.

நல்லூருக்கு மேற்கே மணிமுத்தாற்றங்கரையில் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் மல்லாட்டைக் கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பம் அவர்களுடையது. அப்பனைப் பாம்பு தீண்டியபோது சுப்புராயனுக்குப் பதினாறு வயது, கமலத்துக்கு எட்டு. பள்ளிக்கூடத்துப் பையை ஆணியில் மாட்டிவிட்டு மறுநாளே ஏரைப் பிடித்தான். தங்கைக்கு ஒரு வழி செய்யாமல் தனக்குப் பெண் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தான். சொந்தத்தில் மாயவனைத் தேடிப் பிடித்து, ஊர் மெச்சக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் அவன் தாலி கட்டினான். மாயவன் ஏழை வீட்டுப் பிள்ளை. நாலு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்வான். மச்சான் சொன்னால் கிணற்றில் குதித்துவிட்டு அப்புறம்தான் ஏன் என்று கேட்பான்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வெள்ளைக் களிமண் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டப் போனவன்தான் சுப்புராயன். மண்ணை இறக்கிவிட்டு மற்ற வண்டிக்காரர்கள் டீக்கடைக்குப் போவார்கள். இவன் கொட்டகை வாசலில் நின்று, அச்சில் மண்ணை ஊற்றுவதையும் சூளைக்கு ஏற்றுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பான். அறுபத்தஞ்சில் அவனுக்கே ஒரு கொட்டகை கிடைத்தது. பூவராகன் செராமிக்ஸ் என்று பலகை எழுதி மாட்டினான். ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி பெயர். முதலில் ஊறுகாய் ஜாடி செய்தான். ஊருக்கு ஊர் கரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு பம்புசெட்டுக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டை வேண்டும். ஜாடியை விட்டுவிட்டு அதைப் பிடித்தான், பிடித்துக்கொண்டான். மூன்று வருஷத்தில் நாற்பது பேர் அவனிடம் வேலை பார்த்தார்கள். நாற்பதும் சொந்த ஊர்ச் சனம். வேற்றூர் ஆளை அவன் சேர்க்கவே மாட்டான்.

பீங்கானுக்கு வெள்ளைக்கல் மாவு வேண்டும். மற்ற முதலாளிகள் அரைத்த மாவாக வாங்கிவிடுவார்கள். சுப்புராயனுக்கு அது பொறுக்கவில்லை. வெளியாளுக்குப் போகிற கூலி நம் சனத்துக்குப் போகட்டுமே என்று சொந்தமாக ஓர் அரவைக் கொட்டகை கட்டினான். பதினோரு பேரைப் போட்டு, மாயவனை மேஸ்திரி ஆக்கினான். மற்ற வேலையைவிட அதற்குக் கூலி கூட. அங்கே யாரைச் சேர்ப்பது என்பதில் ஊருக்குள் போட்டியே நடந்தது. மாவு காற்றில் பறந்து வீணாகிறது என்று ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா போட்டு மூடியதும் சுப்புராயன்தான். களத்தில் சிந்திய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வளர்ந்த கை, மாவைப் பறக்க விடுமா?

மாயவன் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். கமலம் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு வருஷத்தில் இருமல் வந்தது. அப்போது ஒரு யோசனை சொன்னாளே, அந்த யோசனைக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

"போரடிக்கிற களத்துல தூசிக்கு வெல்லம் குடுப்பமேண்ணே, ஞாபகம் இருக்குதா? வெல்லத்தத் தின்னா தொண்டையில இருக்கிற தூசியெல்லாம் வழிச்சிகினு போயிடும்னு அம்மா சொல்லும். இவங்களுக்கும் குடு."

சுப்புராயனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சொந்தக் கரும்பில் காய்ச்சிய வெல்லம் மூட்டையாக வந்து இறங்கியது. பேட்டைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் கமலம்தான் அதை உடைப்பாள். ஆளுக்கு எலுமிச்சங்காய் அளவு ஒரு கட்டி, ஒரு வாழைப்பழம். மணி அடித்ததும் சுப்புராயன் தன் கையாலேயே கொடுப்பான். "தின்னுட்டுப் போடா, நெஞ்சு சுத்தமா இருக்கும்" என்பான். பேட்டையில் எந்த முதலாளி இப்படிச் செய்தான்? அந்தப் பேச்சு மங்கலம்பேட்டைக் கடைத்தெரு வரைக்கும் போயிற்று. முதலாளிகள் சங்கத்துக்கு அவனைத் தலைவராக்கினார்கள். ஊருக்கு பஸ் விட வேண்டுமா, கல்யாணத்துக்கு உதவ வேண்டுமா, ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிப்போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவன் வாசலில்தான் சனம் நின்றது. இல்லை என்று அவன் ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை.

எழுபத்தி மூன்றில் மாயவனால் பேட்டையிலிருந்து வீடு வரைக்கும் நடக்க முடியவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தான். டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் ஊசி போட்டார்கள். உடம்பு பாதியானதுதான் மிச்சம். சுப்புராயன் தானே ரயிலில் உட்காரவைத்து அவர்களை மெட்ராசுக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் மாயவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கமலத்துக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். அதையும் அவள் மறக்கவில்லை.

நெஞ்சு ஆஸ்பத்திரி டாக்டருக்கு வயது அதிகம் இருக்காது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

மாயவன் வாயைத் திறப்பதற்குள் சுப்புராயன், "விவசாயங்க" என்றான்.

மாயவன் மச்சானைப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க" என்றான்.

டாக்டர் மாயவனை ரத்தம் எடுக்க வெளியே அனுப்பிவிட்டு, இவர்கள் இருவரிடமும் பேசினார். "இது டி.பி. இல்லை. கல் பொடி நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கு. இதுக்கு மருந்து கிடையாது. இவரைக் காப்பாத்த முடியும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவர் எங்கே கல் வேலை பார்த்தார்னு சொன்னீங்கன்னா நான் ஒரு லெட்டர் எழுதுவேன். அதிகாரிங்க போய்ப் பார்ப்பாங்க. அங்கே இன்னும் இருக்கிறவங்களையாவது காப்பாத்தலாம்."

சுப்புராயன் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் பத்துப் பேர் அந்தக் கொட்டகையில் இருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் கமலத்துக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்டது வேறு. "வெல்லம் தின்னா கரைஞ்சிடாதுங்களா? தெனமும் குடுத்தமுங்களே."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வெல்லம் வயித்துக்குப் போகுதும்மா. பொடி போன இடம் வேற." பேனாவைத் திறந்துகொண்டு, "எந்தத் தூசிக்கும்மா வெல்லம் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

அவள் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். அண்ணன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். மிரட்டுகிற பார்வை இல்லை அது. மிரட்டியிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பாள். அப்பன் செத்த அன்று, ஏரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தானே, அதே முகம்.

"களத்துத் தூசிங்க" என்றாள் கமலம். "போரடிக்கிற களம்."

டாக்டர் பேனாவை மூடினார்.

ரயிலில் மாயவன் தூங்கிய பிறகு சுப்புராயன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். "கொட்டாய மூடிட்டா நாப்பது குடும்பம் தெருவுல நிக்கும் கமலம். மழ வேற இல்ல. தண்ணி வுட்டு அரைக்கிற மிஷினு ஒண்ணு இருக்குதாம், தூசியே வராதாம். அத வாங்கிப் போட்டுடறேன். நீ கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவள் நம்பினாள். அவனும் பொய் சொல்லவில்லை. மிஷினுக்குச் சொல்லிவைக்கத்தான் போனான். அந்த மாதம்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து அவன் வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து படிக்கின்றன என்றார்கள். சுப்புராயனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பள்ளிக்கூடம் ஓட்டுக் கூரையோடு எழும்பியது. வாசலில் கல் பதித்து அவன் பெயரை வெட்டினார்கள். மிஷின் அடுத்த தைக்கு என்று ஆயிற்று.

வெல்லம் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் மூட்டையை இறக்கிவைக்க வந்த அண்ணனிடம் கமலம் கேட்டே விட்டாள். "இன்னமும் எதுக்குண்ணே இத குடுக்கற? அந்த டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?"

"நிறுத்துனா ஏன் நிறுத்துனீங்கன்னு கேப்பாங்க" என்றான் அவன். "கேட்டா நான் என்னா சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனான். அவளும் அன்றைக்கு வெல்லத்தை உடைத்துத்தான் கொடுத்தாள். உள்ளே மாயவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். "மச்சான் மனசு யாருக்கு வரும்?" என்று அவன் சொன்னபோது அவளுக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது.

எழுபத்தி நாலு சித்திரையில் மாயவன் செத்தான். பிணத்தைச் சொந்த ஊருக்கு எடுத்துப்போனார்கள். சுப்புராயன் முன்னால் நின்று எல்லாம் செய்தான். பேட்டையே லாரி பிடித்து வந்தது. இப்படி ஒரு சாவு இந்த ஊரில் நடந்ததில்லை என்றார்கள். பதினாறாம் நாள் கருமாதியில் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். சுப்புராயன் புதுப் புடவையைப் பிரித்துத் தங்கையின் தோளில் போர்த்தினான். கண்ணீர் அவள் கழுத்தில் சொட்டியது. அந்தக் கண்ணீர் நிஜம் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. புடவையைத் தட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். சுற்றிலும் பெண்கள், "இவரு மாதிரி ஒரு அண்ணன் கெடைக்கணுமே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டிவிடவில்லை.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அரவைக் கொட்டகைக்காரர்கள் பந்தலில் ஓர் ஓரமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுப் பெண், அதுவும் கோடி வாங்கிய அன்று, ஆண்கள் நடுவில் வந்து உட்காருவது முறை இல்லை. கமலம் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க மேஸ்திரி டி.பி.யில சாவல" என்றாள். "கல்லுப் பொடியில செத்தாரு. மெட்ராஸ் டாக்டரு சொன்னாரு. எங்கண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெல்லம் ஒண்ணுத்துக்கும் ஒதவாது. கேட்ட டாக்டருகிட்ட களத்துத் தூசின்னு பொய் சொன்னவ நான்தான். நீங்க யாரும் இனிமே அந்தக் கொட்டாய்க்குப் போவாதீங்க."

திட்டுவார்கள், அடிக்கவே வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். இவர்கள் எழுந்துபோய் அண்ணன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

யாரும் எழவில்லை. ஒருத்தன் எச்சிலைத் துப்ப வெளியே போனான். கடைசியில் கலியமூர்த்திதான் வாயைத் திறந்தான். மாயவனுக்கு அடுத்தபடியாக அங்கே நாள்பட்ட ஆள் அவன். பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருமினான்.

"தெரியும்க்கா. இருமுறவனுக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா மழ இல்ல. அங்க போவாட்டி எங்கக்கா போவறது?"

அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "சொல்லக் கூடாத எடத்துல சொல்றேன், தப்பா நெனைக்காதக்கா. மாயவண்ணன் எடம் இப்ப காலியா இருக்குது. எந்தம்பி நடராசன் வேல இல்லாம சும்மா கெடக்குறான். நீ ஒரு வார்த்த சொன்னா உங்கண்ணன் தட்ட மாட்டாரு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவனோடு அவள் பேசியதே கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை நடராசன் வேலைக்குச் சேர்ந்தான். ஊர்ப் பிள்ளை வேலையில்லாமல் திரிவது சுப்புராயனுக்கே பொறுக்காது, யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் நடராசனின் அம்மா காசியம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கமலத்தின் வீடு தேடி வந்தாள். தாலி அறுத்தவள் என்றும் பார்க்காமல் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ள பொழச்சிக்கினான், எல்லாம் நீ சொன்ன வார்த்ததான்" என்றாள்.