பச்சை பெஞ்சும் குளத்துப் பணமும்

புது பெயிண்ட் வாசனை எங்கே அடித்தாலும் என் கை தானாகப் பின்பக்கம் போய் வேட்டியைத் தடவிப் பார்க்கும்...

சில வருடங்களுக்கு முன், காரமடைப் பக்கம் எங்கள் பேரூராட்சி ஆபீசில், காயாத பச்சை பெஞ்சில் வெள்ளை வேட்டியோடு போய் உட்கார்ந்தவன் நான். அதுவும் கேள்வி கேட்கப் போன இடத்தில்!

அப்போது எங்கள் குளத்தைத் தூர்வார ஒரு கம்பெனி பணம் கொடுத்திருந்தது. அதில் ஒரு பங்கு ஆபீசுக்கு, 'நிர்வாகச் செலவு' என்று. குளத்தைத் தோண்டினார்கள். மழைத்தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் வாய்க்காலை வெட்டும் முன்பே பணம் தீர்ந்துவிட்டதாம்.

எங்கள் வீதியில் போர்வெல் எல்லாம் வற்றிக் கிடந்தது. விசாரித்துவரச் சொல்லி வீதியே சேர்ந்து என்னை அனுப்பியது. பத்தாவதில் கணக்கில் பெயிலானவனைக் கணக்குக் கேட்க அனுப்பிய வீதியை என்ன சொல்ல...

"ஏனுங்க சார், நிர்வாகச் செலவுன்னா என்னங்க?"

அதிகாரி கோபப்படவே இல்லை. அதுதான் என் முதல் சந்தேகம்.

"அளக்க ஆளு வேணுமுங்க, ஜீப்புக்கு டீசல் வேணுமுங்க, நின்னு பாக்க இன்ஜினியர் வேணுமுங்க. குளம் தன்னால தூர்வாரிக்குமுங்களா?"

நியாயம்தான். ஆனால் அந்த ஜீப்பைக் குளத்துப் பக்கம் ஒருநாளும் நான் பார்த்ததில்லை...

"அப்ப வாய்க்காலுங்க?"

"அடுத்த பணம் வரட்டுமுங்க. மொதல்ல டீ குடிங்க, ஆறிப்போயிரும்."

அங்கேதான் கவிழ்ந்தேன். ஒருத்தர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவரையே முறைத்துப் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வேண்டாம் என்று சொல்வது அதைவிட மரியாதைக்கேடு. குடித்தேன். ஏலக்காய் டீ. "நல்லாருக்குதுங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

எழுந்தேன். ஆபீசே சிரித்தது. வேட்டியில் பட்டை பட்டையாகப் பச்சை.

"அய்யோ, சொல்ல மறந்துபோட்டேனுங்க! நேத்துத்தான் ஆபீஸ் பூராவும் பெயிண்ட் அடிச்சோம்."

சுற்றிலும் பார்த்தேன். கதவு, ஜன்னல், அலமாரி... எல்லாம் பளபளவென்று பச்சை.

வெளியே பக்கத்து வீட்டு பஷீர் பாய் காத்திருந்தார்.

"போன காரியம் என்னாச்சுங்க?"

"டீ குடுத்தாங்க பாய்."

"குடிச்சுப்போட்டீங்களா? அப்பச் செரி, முடிஞ்சுது போங்க!"

இப்போது அந்த ஆபீசில் டைல்ஸ், ஏசி, ஸ்டீல் சேர்... குளத்து வேலையெல்லாம் போட்டோவாக வாட்ஸ்அப்பில் வருகிறது, மகள் காட்டுகிறாள். நிர்வாகச் செலவும் தவறாமல் வருகிறது. போன வாரம் பெய்த மழை மட்டும் வழக்கம்போல ரோட்டோடு போய்விட்டது. அன்றைக்கு டீயாவது கொடுத்தார்கள்...

அன்று ஆபீஸ் வாசற்படியில் ஒரு நிமிஷம் திரும்பி நின்றேன். வேட்டியைக் காட்டிக் கேட்க ஒரு கேள்வி வாய்வரை வந்தது. டீயோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டேன்.

"சார்... எங்க வாய்க்கால் இதுதானுங்களா?"