எழுந்து போனவரின் வாக்கு

2023 ஒக்டோபர் 14, சனிக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. காற்று அடியோடு நின்றுவிட்டது. மதியத்துக்குப் பின் மேற்கே இடி கேட்டது, மழை இறங்கவில்லை. இலங்கைத்துறைக் கரையில், மீன்வாடிக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில், வெள்ளலை கடலுணவுத் தனியார் கம்பனியின் விசேட பொதுக்கூட்டம் அன்று பிற்பகல் கூடியது. கூட்டறிக்கையை எழுதுவதற்காகத் திருகோணமலையிலிருந்து அனுப்பப்பட்டவள் குணமணி, வயது இருபத்தேழு. எதிரே வாங்கில் அமர்ந்திருந்த பங்குதாரர்களுள் ஒருவர் அவளுடைய தந்தை குஞ்சித்தம்பி.

அந்த மேசைக்கு அவள் வந்து சேர்ந்த வழி நேரானதன்று. 2006ஆம் ஆண்டு போரால் ஊர் இடம்பெயர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து திரும்பி வந்தபோது படிப்பில் பின்தங்கியிருந்தாள். ஆயினும் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் சித்தியடைந்தாள். பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மூதூரில் ஒரு புடைவைக் கடையில் காசாளராக இருந்தாள். பின்னர் திருகோணமலையிலுள்ள தொழினுட்பக் கல்லூரியொன்றில் அலுவலக நிருவாகக் கற்கைநெறி தொடங்கியபோது, கடை வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள். அந்நாட்களில் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். அவள் பாடங்களை வாய்விட்டுப் படிப்பது எங்கள் குசினி வரைக்கும் கேட்கும்.

அவளை அதிகம் கவர்ந்த பாடம் கம்பனிச் சட்டம். கம்பனி என்பது அதன் பங்குதாரர்களிலிருந்து வேறான ஓர் ஆள். அதன் சொத்து அதற்கே உரியது. பங்குதாரருக்கு உரியது பங்கு மாத்திரமே. இந்த ஒரு விதியை அவள் ஒரு கிழமை முழுவதும் வியந்து வியந்து சொன்னாள். விரிவுரையாளர் சிவகுருநாதன் மனனத்தை விரும்பாதவர்.

"சட்டத்தைச் சொன்னால் பாதிப் புள்ளி. நீங்கள் அறிந்த ஒரு கம்பனியில் அதைப் பிரயோகித்துக் காட்டினால்தான் மிச்சம். போய்ப் பிரயோகியுங்கோ" என்று ஒப்படை கொடுத்தார்.

குணமணி அறிந்த கம்பனி ஒன்றே ஒன்று. இலங்கைத்துறையின் கரைவலைக்காரர் சிலர், உதவித் திட்டமொன்றின் ஊக்குவிப்பால், 2020ஆம் ஆண்டு தங்கள் கூட்டைக் கம்பனியாகப் பதிவு செய்திருந்தனர். அதுவரை அவர்களுடைய முறை வேறாக இருந்தது. கரையில் நின்று இழுக்கும் கரைவலை ஒரே வலையன்று. பல துண்டுகளின் பொருத்து. ஒவ்வொரு குடும்பமும் ஒரு துண்டைக் கொண்டுவரும். ஐப்பசியில் கடல் குழம்பத் தொடங்கியதும் பொருத்தை அவிழ்த்து, அவரவர் துண்டை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்ப்பர். மாசியில் மீண்டும் பொருத்துவர். குஞ்சித்தம்பியுடையது மடி, அதாவது மீன் வந்து சேரும் நடுப்பை. வலையின் பெறுமதி பெரும்பாலும் அதில்தான் இருந்தது. ஆதலால் கம்பனி அமைந்தபோது, மடியைக் கொடுத்தமைக்காக அவருக்கு மற்றைய பலரிலும் கூடிய பங்குகள் ஒதுக்கப்பட்டன. அவர் கையொப்பமிட்டார். ஐப்பசி வந்ததும் வழக்கம்போல மடியை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மற்றவர்களும் அப்படியே செய்தனர். கம்பனி வந்தபின் தங்களிடையே எதுவும் மாறிவிட்டதாக அவர்களுள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை.

2022ஆம் ஆண்டு ஐப்பசி விடுமுறையில் குணமணி தன் ஒப்படையோடு கரைக்குப் போனாள். பணிப்பாளர் தனஞ்சயனிடமும் மற்றவர்களிடமும் விளங்கப்படுத்தினாள்: வலை இனிக் கம்பனியின் உடைமை, அதை ஒருவர் தம் வீட்டில் வைத்திருப்பது முறையன்று, கம்பனிக் களஞ்சியத்தில் பூட்டி வைத்தலே சரி.

"என்ன புள்ள, என்ட மடியை நான் வீட்ட கொண்டுபோனால் களவோ?" என்று சிரித்தார் குஞ்சித்தம்பி.

"களவில்லை அப்பா. ஆனால் அது இப்ப உங்கட மடி இல்லை. உங்களிட்ட இருக்கிறது பங்கு."

"பங்கில மீன் விழுமோ?" என்று இடையில் கேட்டான் சிவரூபன். எதற்கும் எதிர்க்கதை சொல்வதில் ஊரில் பேர் பெற்றவன் அவன். எல்லோரும் சிரித்தனர்.

குஞ்சித்தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "நீங்கள் சிரியுங்கோ. என்ட மகள் படிச்சுப் போட்டுச் சொல்றாள். முதல்ல நானே கொண்டுபோய் வைக்கிறன்" என்றார். மடியைத் தோளில் சுமந்துபோய்க் களஞ்சியத்தில் முதலாவதாக வைத்தவர் அவரே. அவர் வைத்த பிறகு மறுக்க எவருக்கும் வாய் வரவில்லை. குணமணியின் ஒப்படைக்கு அதிகூடிய புள்ளி கிடைத்தது. சிவகுருநாதன் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். தனஞ்சயன் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஆண்டு குணமணி பயிற்சிக்காகத் திருகோணமலையில் ஒரு கம்பனிச் செயலாளர் அலுவலகத்தில் அமர்த்தப்பட்டாள். அதை நடத்துபவர் கிண்ணியாவைச் சேர்ந்த பஹ்மியா. கூட்டறிக்கையில் ஒரு சொல் கூடினாலோ குறைந்தாலோ கிழித்துப்போட்டு மறுபடி எழுதச் சொல்பவர். வெள்ளலைக் கம்பனியும் அவ்வலுவலகத்தின் வாடிக்கையாளர்களில் ஒன்று. ஒக்டோபர் பதினான்காந் திகதி பஹ்மியாவுக்குக் கிண்ணியாவில் வேறொரு கூட்டம் இருந்தது. ஆகவே இலங்கைத்துறைக்குக் குணமணி தனியாக அனுப்பப்பட்டாள்.

கூட்டத்தின் பொருள் ஒன்றே. நகரத்து முதலாளி ஒருவருக்கு வலையையும் தோணியையும் விற்பது. விற்றபின் பங்குதாரர்கள் அவரிடம் நாட்கூலிக்கு வலை இழுக்கலாம். தனஞ்சயன் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தான். அறிவித்தல் உரிய காலத்தில் போயிருந்தது. தீர்மானம் எழுத்தில் இருந்தது. கம்பனியின் சொத்தில் பெரும்பகுதியை விற்பதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டுமென்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தங்கச்சி எழுதினதை நாலைஞ்சு தரம் வாசிச்சனான். எல்லாம் சட்டப்படிதான்" என்றான் குணமணியிடம். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, நன்றியாகவே சொன்னான்.

குஞ்சித்தம்பி எழுந்தார். "என்ட மடியை விக்க ஏலாது. மற்ற சாமானை என்னவும் செய்யுங்கோ. மடியை அவிழ்த்துத் தாங்கோ, நான் போறன்."

"அம்மான், அது கம்பனியிட மடி. உங்கட மகள்தானே சொன்னவ" என்றான் தனஞ்சயன்.

குஞ்சித்தம்பி துவாயை எடுத்து ஒரு தரம் உதறித் தோளில் போட்டார். அந்தக் கரையில் அதற்குப் பொருள் ஒன்றே. ஒரு பேச்சுக்கு உடன்படாதவன் வாதாடிக்கொண்டிருப்பதில்லை; துவாயை உதறிவிட்டு எழுந்து போவான். கோயிற் கூட்டத்திலும், கலியாணப் பேச்சிலும், மீன்பாடு பிரிப்பதிலும் மறுப்பென்றால் அதுவே மறுப்பு. அதைவிடக் கடுமையான மறுப்பு அவர்களிடம் இல்லை. முக்கியமானவர் ஒருவர் அப்படிப் போய்விட்டால், மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவார்கள்.

குணமணிக்குச் சட்டம் தெரியும். இத்தகைய தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த பங்குதாரர், தம் பங்குகளை நியாயமான விலைக்கு வாங்கும்படி கம்பனியை வற்புறுத்தலாம். எதிராக வாக்களித்தவர் மாத்திரமே அப்படிச் செய்யலாம். எழுந்து போனவருக்கு அந்த உரிமை இல்லை. மடி போனாலும் அதன் விலையாவது தந்தைக்குத் திரும்பி வருவதற்கிருந்த வழி அது ஒன்றே. அறிக்கை எழுத வந்தவள் பேசுவது முறையன்று என்று அறிந்திருந்தும் அவள் பேசினாள்.

"அப்பா, இருங்கோ. போகாதைங்கோ. எதிர்ப்புக் கேக்கேக்க கையை உயர்த்திப்போட்டுப் போங்கோ."

அவர் வாசலில் திரும்பினார். "கை தூக்கிறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமோ? ஒண்டுக்குப் போகக் கேக்கிற பிள்ளையோ நான்?"

"அப்பா, சட்டத்தில…"

"உன்ட சட்டத்தைக் கேட்டுத்தானே மடியைக் கொண்டுவந்து வைச்சனான்."

அவர் போய்விட்டார். பின்னால் ஒருவரும் போகவில்லை. தனஞ்சயன் வாக்கெடுப்பை ஆரம்பித்தான். ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பைக் கேட்டபோது, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரே ஒரு கை உயர்ந்தது.

"எனக்குப் பள்ளிக்கூடம் போனது போதாது, நான் தூக்கிறன்" என்றான் சிவரூபன்.

குணமணி தன் தந்தைக்குச் சொன்னதைக் கேட்டு நடந்தவன் அவன் ஒருவனே. அவள் கைகளை எண்ணினாள். எண்ணியதை எழுதினாள். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கிழமையே சிவரூபன் தன் பங்குகளை வாங்கும்படி கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தான். அதற்கு எவரும் தடை சொல்ல இயலவில்லை. இலங்கைத்துறையில் வேறு கதை பரவியது: குணமணி ஊரானுக்கு வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தகப்பனைக் கைவிட்டாள் என்று. அதை மறுத்துச் சொல்ல அவள் ஊருக்குப் போகவில்லை. போயிருந்தாலும் அவளுடைய விளக்கம் எடுபட்டிராது. விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே அவள் தன் சொல்லின் மதிப்பை அங்கு இழந்திருந்தாள். எங்கள் வீட்டிலும் அவள் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை குஞ்சித்தம்பி பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்தார். உட்துறைமுக வீதியிலுள்ள அந்த அலுவலகத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, பஹ்மியாவின் மேசைக்கு முன்னால் நின்றார். மகள் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அதில் உட்காரவில்லை.

"மிஸ், சிவரூபனுக்கு உள்ளது எனக்கும் இருக்கோணும். அவனுக்கு முதலே எதிர்த்தவன் நான். ஊரே பாத்தது" என்றார் பஹ்மியாவிடம்.

"எதிர்த்தனீங்களா, வாக்குப் போட்டனீங்களா, ஐயா? சட்டம் ரெண்டையும் ஒண்டாப் பாக்காது."

"துவாயை உதறிப்போட்டு வந்தனான். அதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தைச் செய்யிறது?"

பஹ்மியா கூட்டறிக்கையின் வரைவை எடுத்தார். இரண்டு தரம் வாசித்தார். குஞ்சித்தம்பி வாக்கெடுப்புக்கு முன்னர் கொட்டகையை விட்டு வெளியேறினார் என்றோ, அதற்குப் பின்னர் வெளியேறினார் என்றோ அதில் இருக்கவில்லை. எதிர்த்த வாக்குகள் எண்ணப்பட்டன, தீர்மானம் நிறைவேறியது என்று மட்டும் இருந்தது. எதிர்த்தவர்களின் பெயருக்குரிய இடத்தைக் குணமணி வெறுமையாக விட்டிருந்தாள். அந்த இடத்தை நிரப்ப ஐந்து நாட்களாக அவளுடைய கை எழவில்லை.

"கூட்டத்துக்குத் தலைமை தாங்கின தனஞ்சயன் இன்னும் ஒப்பம் வைக்கல்ல" என்றார் பஹ்மியா. அவருடைய குரல் வழக்கத்திலும் தாழ்ந்திருந்தது. "நான் அந்தக் கூட்டத்தில இருக்கல்ல. கை எண்ணினது நீங்கதான், குணமணி. நீங்க சொல்றதைத்தான் நான் பதிவேன். தனஞ்சயன் மறுத்தாலும் நீங்க எண்ணினதைத்தான் முதல்ல பாப்பாங்க. விளங்குதா?"

குணமணிக்கு விளங்கியது. ஒரு பெயரை எழுதினால் போதும். தந்தையின் மடிக்கு ஒரு விலை கிடைக்கும். ஊரின் வாய் அடைபடும். அவர் மறுபடி அவளை மகள் என்று சொல்லிப் பேசுவார். அவர் எதிர்த்தார் என்பதும் பொய்யன்று. அதைக் கண்ணால் கண்டவர்கள் பலர்.

குஞ்சித்தம்பி மகளைப் பார்த்தார். இப்போது அவருடைய பார்வையில் கோபம் இருக்கவில்லை, ஒரு வேண்டுதல் இருந்தது. அது அவளுக்குக் கோபத்தைவிடப் பாரமாக இருந்தது.

பஹ்மியா பேனையைத் திறந்தார். "உங்கட அப்பா எதிரா வாக்குப் போட்டவரா?"

"இல்லை மிஸ்" என்றாள் குணமணி. "எழும்பிப் போனவர்."