முதல் மரக்கால்

மதுராந்தகத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன் என்று நானாகத்தான் போய்ப் பெயர் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாகப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு டப்பா புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு எண்ணவும், இரண்டிரண்டாக, ஐந்தைந்தாகத் தாவவும் பழக்க வேண்டும். எனக்குப் பொறுமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர்களில் ஒருத்திக்கு ஏழு வயது. எண்ண உட்கார்ந்தால் கை அதுபாட்டுக்குக் கொட்டைகளைத் தள்ளும், வாய் ராகம் போட்டுக்கொண்டு ஓடும். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." நூறு வரைக்கும் ஒரு தப்பு வராது, அந்த முதல் எண்ணைத் தவிர.

"ஒண்ணுன்னு சொல்லு."

"லாபம்னுதான் சொல்லணும் மிஸ். எங்க நைனா அப்டிதான் சொல்லும்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுந்து நின்று 'ஒண்ணு' என்று பத்து முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவளை 'லாபம்' என்றே கூப்பிட்டார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. அவள் வாய்விட்டு எண்ணுவதையே விட்டுவிட்டாள். ஒருவழியாக அடங்கினாள் என்று திருப்திப்பட்டேன், என்ன புத்தியோ.

அறுப்பு முடிந்த சமயம் அவள் வீட்டு வழியாகப் போனேன். சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் நெல்லை அவள் அப்பா மரக்காலில் அளந்து கோணியில் கொட்டிக்கொண்டிருந்தார். முதல் மரக்காலைக் கொட்டும்போது "லாபம்" என்றார். அடுத்தது "ரெண்டு". நெல் அளக்கும்போது 'ஒண்ணு' என்பதற்குப் பதிலாக மங்கலமாக 'லாபம்' என்று தொடங்குவார்கள் என்பது, அரிசியைப் பாக்கெட்டில் வாங்கித் தின்று வளர்ந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வருசா வருசம் நைனா அளக்கும், இவதான் பக்கத்துல நின்னுகினு எண்ணுவா மிஸ்" என்றாள் அவள் அம்மா. "இந்த வாட்டி இன்னா சொல்லியும் வர மாட்டேன்ட்டா."

தப்பு என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் முதல் கொட்டையை நானே எடுத்து வைத்து, "லாபம்" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்கள். அவளிடம், "இப்ப நீ எண்ணு" என்றேன்.

எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணு" என்றாள். போதும், உட்கார் என்று நான் சொல்லச் சொல்ல, பத்து முறையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.