சித்தப்பாவின் இடது கை

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் நான் என் சித்தப்பாவின் இடது கையாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, எப்போதாவது ஒரு கடலை மிட்டாய் உண்டு. ஆனால் அந்தப் பதவியில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வகுப்பில் லீடராக இருந்தவள்கூட எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவள் பேச்சைக் கேட்க ஒரு வகுப்புதான் இருந்தது. என் விரலைக் கேட்க ஒரு சேனையே இருந்தது.

சித்தப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷினில் இருந்தவர். இரும்புத் தகட்டை அழுத்தி லாரிக்கு வேண்டிய பாகங்களைச் செய்கிற மிஷின் அது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தகட்டை உள்ளே வைத்துக் கையை வெளியே எடுத்துக்கொண்டு "போடு" என்று குரல் கொடுப்பார். மற்றவர் பெடலை மிதிப்பார். மேலேயிருந்து அச்சு இறங்கும். சித்தப்பாவும் அவருடைய சிநேகிதரும் பல வருஷமாக அப்படி ஜோடியாக வேலை செய்தவர்கள், டிபன் பாக்ஸை மாற்றிச் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டுதல். ஒரு நாள் சித்தப்பாவின் இடது கை உள்ளே இருக்கும்போதே அச்சு இறங்கிவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

"நீ சொன்னதாலதான் மாமு மிதிச்சேன்" என்றார் சிநேகிதர். "நான் சொல்லவே இல்ல" என்றார் சித்தப்பா. விசாரணையிலும் அதையே சொன்னார். கையை இழந்தவன் பொய் சொல்வானா என்று எல்லோரும் அவரையே நம்பினார்கள். அவரும் தன்னை நம்பினார். சிநேகிதரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சித்தப்பா கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தால் தொழிலாளர் வருகையைப் பதிகிற டைம் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே பர்மா பஜாரில் வாங்கிய ஒரு சிடியும் வந்தது.

அதில் இருந்தது ராஜா காலத்துப் போர் விளையாட்டு. முதலில் நாலைந்து குடியானவர்களை வைத்து மரம் வெட்டி, வயல் உழுது, தங்கம் தோண்டி ஊரை உண்டாக்க வேண்டும். பிறகு பாசறை கட்டி வீரர்களைப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போர். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள உட்கார்ந்த சித்தப்பா ஒரு வாரத்தில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். "படிக்க வாங்கினதா, பட்டம் கட்டிக்க வாங்கினதா?" என்று அம்மா கேட்டாள். ஆனால் கை போன நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்ததே பெரிது என்று அவளும் விட்டுவிட்டாள்.

சண்டை மும்முரமானால் ஒற்றைக் கை போதாது. மவுஸ் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். அங்கேதான் நான் வந்தேன். வாள்காரர்களுக்கு ஒன்று, வில்காரர்களுக்கு இரண்டு, குதிரைகளுக்கு மூன்று. சித்தப்பா எண்ணைச் சொன்னால் நான் அதை அமுக்குவேன். அந்தப் படை எழுந்து நிற்கும். மவுஸால் அவர் அதை ஓட்டுவார். கல்லெறிகிற வண்டி மட்டும் தனி ரகம். கல் எங்கே விழவேண்டும் என்று சித்தப்பா குறி வைப்பார். பிறகு "போடு" என்பார். நான் அமுக்கினால்தான் கல் கிளம்பும். அந்தச் சொல்லை அவர் எங்கிருந்து எடுத்து வந்தார் என்று எங்கள் வீட்டில் யாருமே யோசிக்கவில்லை.

சித்தப்பாவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அடிபட்ட வீரனைச் சாகவிட மாட்டார். கொஞ்சம் சோறும் தங்கமும் இருந்தால் புது வீரன் கிடைப்பான். அவரோ அடிபட்டவர்களை ஒவ்வொருவராகப் பின்னால் இழுத்து, சாமியார் ஒருவரைக் கூட்டி வந்து மந்திரம் போட்டுக் குணமாக்குவார். அதற்குள் எதிரி சுவரை ஒட்டுப்போட்டு முடித்திருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேமிக்கும் முன்னே கரண்ட் போனால் ராஜ்ஜியமே போய்விடும் என்கிற ஊரில் இவ்வளவு நிதானம் ஆகுமா?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சிநேகிதர் வருவார். கையில் பிஸ்கட் பாக்கெட்டோ வாழைப்பழமோ இருக்கும். கேட்டுக்கு வெளியே நிற்பார். "உன் கையை வாங்கினவன் வந்துகீறான்" என்று அம்மா உள்ளே பார்த்துச் சொல்வாள். சித்தப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொண்டு வந்ததை கேட்டின் மேல் வைத்துவிட்டுச் சிநேகிதர் போவார். வேலையில்லாத மனிதர் எதை விற்று அதை வாங்கி வந்தாரோ. பிஸ்கட்டை நான்தான் தின்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிரியின் கடைசிக் கோட்டை. பல நாள் சேர்த்து வளர்த்த வாள்காரர்கள் வாசலை இடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கல்வண்டிகளை நிறுத்தியிருந்தோம். முதலில் நம் ஆட்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அப்புறம் கல்லை விடவேண்டும், இல்லாவிட்டால் கல் நம்மவர் தலையிலும் விழும். அந்தக் கல்லுக்கு நம்மவன் வேற்றவன் தெரியாது. சித்தப்பா முகமெல்லாம் வேர்த்து, "ஒண்ணு… ரெண்டு… ஒண்ணு…" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு "போடு" என்றார். அமுக்கினேன்.

அத்தனை கல்லும் எங்கள் வாள்காரர்கள் மேல் போய் விழுந்தது. ஒருவன் மிஞ்சவில்லை.

"இன்னா கண்ணு, சொல்றதுக்கு முன்னாடியே அமுக்கிட்ட?"

"நீதான சித்தப்பா போடுன்ன!"

"நான் எப்ப சொன்னேன்? ஆளுங்கள இஸ்துக்கவே இல்லியே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வருஷம் முழுக்க விசுவாசமாக வேலை பார்த்த கையை இப்படியா சந்தேகப்படுவது? "சொன்ன, சொன்ன, சொன்ன!" என்று கத்தினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்துக்கொண்டே, "கொயந்தய ஏன்டா மெரட்ற? நீ சொன்ன. எனுக்கே காதுல வுழுந்துச்சு" என்றார்.

சித்தப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "மெய்யாலுமா சொன்னேன்?"

"ஆமாடா."

"எனுக்கு சொன்னா மாதிரியே இல்லியே, ண்ணா."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெயித்தது நான்தான் என்பதால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டின் மேல் வாழைப்பழத்தை வைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிருந்த சிநேகிதரைக் கூப்பிட்டார். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். எழுந்திரு கண்ணு என்று என்னை எழுப்பிவிட்டு, என் நாற்காலியில் சிநேகிதரை உட்கார வைத்தார்.

முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் திறந்தார். வாள்காரர்கள் உயிரோடு வாசலில் நின்றார்கள். அவர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, அடிபட்டவர்களைக்கூட விடவில்லை. எந்தப் பொத்தான் என்று சிநேகிதருக்குக் காட்டினார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா, பாத்துக்க."

"வந்துட்டாங்க மாமு."

"நல்லா பாரு."

"வந்துட்டாங்க."

"போடு."

சிநேகிதர் அமுக்கவில்லை. விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. "பாப்பாவே போடட்டும் மாமு, என்னால ஆவாது" என்றார். நான் ஆவலோடு முன்னால் வந்தேன். சித்தப்பா என்னைப் பார்க்கவேயில்லை. விரல் இல்லாத கையைச் சிநேகிதரின் முதுகில் வைத்து, "நான் சொல்றேன்ல? போடு மாமு" என்றார்.

சிநேகிதர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். சுவர் விழுந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். அவர் கீபோர்டின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதார். ஒரு கோட்டை விழுந்ததற்கா ஒரு ஆம்பிளை இப்படி அழுவார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், அவரை வாசப்படி ஏறவிடாத அம்மா காபி போட்டுக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தது. பொத்தானை நானும்தான் அமுக்கினேன், எனக்கு யார் காபி கொடுத்தார்கள்?

அன்று சாயங்காலம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நடந்தது. "ஒனக்கே ஞாபகம் இல்லாதத எதுக்குடா போய் சொல்ற? கெடைக்கிற டைம் ஆபீஸ் சீட்டும் பூடும்" என்றார் அப்பா.

"சொல்லலன்றதும் எனுக்கு ஞாபகம் இல்லண்ணா. விசாரணைல அத மட்டும் சொல்லிட்டு வந்தேனே" என்றார் சித்தப்பா.

மறுநாள் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். அடுத்த மாசமே சிநேகிதர் திரும்பவும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு சங்கு ஊதும் முன்னே எங்கள் தெரு வழியாக வேலைக்குப் போனார். டைம் ஆபீஸ் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். ஊரில் எல்லோரும் சொல்லியும் சித்தப்பா வேண்டாம் என்றிருந்த, கை கால் இழந்தவர்களுக்குக் கொடுக்கிற எஸ்டிடி டெலிபோன் பூத்தை, மார்க்கெட் பக்கம் ஒரு மூலையில் கடைசியில் வைத்தார். அதற்கு முன்பணம் கட்ட கம்ப்யூட்டரை விற்றார்கள்.

பிரவுசிங் சென்டர்காரர் அதை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம் வாள்காரர்களை நானே கல்லெறிந்து கொன்றுவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் சித்தப்பா என்னைப் பதவியிலிருந்து நீக்கினார், ராஜ்ஜியத்தையும் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு அமுக்கலால்தான் வந்தது. கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது.

"அன்னிக்கு நான் அமுக்காமயே இருந்திருக்கணும் சித்தப்பா" என்றேன்.

அவர் குனிந்து ஒற்றைக் கையால் என் முகத்தைத் துடைத்தார். "நீ சரியாத்தான் கண்ணு அமுக்குன. சொன்னதும் அமுக்குன. உம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

செத்துப்போன வாள்காரர்களை நினைத்துத்தான் அவரும் அழுகிறார் என்று எண்ணி, அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கலாம் சித்தப்பா என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.