பதினோராந் தரத்தின் பிழையான விடைகள்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குக் கீர்த்திகன் கணித ஆசிரியனாக வந்தபோது, அங்கே கணக்கும் ஒரு மனப்பாடப் பாடம். பழைய வினாத்தாள்களின் விடைகளைப் பிள்ளைகள் தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார்கள். வினாவில் மாம்பழத்துக்குப் பதிலாகத் தோடம்பழம் வந்துவிட்டால் போதும், வகுப்பே வாயடைத்து நிற்கும்.

கீர்த்திகனோ ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவன். அவனுடைய அம்மா ரெங்கம்மா மகன் புராணத்தைத் தொடங்கினால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வேலை வாங்கும் கங்காணியே கைகட்டிக் கேட்பார். அப்பேர்ப்பட்டவன் சும்மா இருப்பானா?

"விடையைத் தேடி ஓடாதீங்க" என்றான். "என்ன வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அங்கருந்து பின்னாலயே நடந்து வாங்க. இது நடக்கணும்னா அதுக்கு முந்தி என்ன நடந்திருக்கணும்? அதுக்கும் முந்தி?"

அதோடு விடவில்லை. ஒவ்வொரு கணக்கையும் எத்தனை விதமாகப் பிழைவிடலாம் என்றும் செய்து காட்டினான். வழி தெரிந்தால் போதாது, பள்ளம் எங்கே என்றும் தெரிய வேண்டும் என்பது அவன் கொள்கை.

வகுப்பு மெல்ல மெல்லத் தேறியது. பேச்சு பதுளை நகரம் வரை போயிற்று. அங்கே ஒரு பெரிய பாடசாலைக்குக் கணித ஆசிரியர் தேவைப்பட்டார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இரகுநாதன் ஐயா வந்து வகுப்பைப் பார்ப்பார், திருப்தி என்றால் இடமாற்றம் என்றார்கள். ரெங்கம்மா அன்றைக்கே பேச்சிலேயே மகனைப் பதுளையில் குடிவைத்து, லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கீர்த்திகனும் சந்தோஷம் தாங்காமல் பிள்ளைகளிடம் சொன்னான்: "நீங்க நல்லா செஞ்சீங்கன்னா சாருக்குப் பதுளை."

பதினோராந் தரம் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

இரகுநாதன் ஐயா வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். கீர்த்திகன் வகுப்புக்குத் தண்ணீர்பட்ட பாடான கணக்கையே எடுத்தான். ஒரு குழாய் தாங்கியைப் பத்து மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றது பதினைந்தில். இரண்டையும் திறந்தால்?

முன்வரிசை நிசாந்தினி எழுந்தாள். எந்தக் கணக்குக்கும் முதல் கை அவளுடையதுதான். "இருபத்தஞ்சு, சார்."

கீர்த்திகன் அவசரமாக அடுத்த வாங்கைக் காட்டினான். அடுத்தவன் பன்னிரண்டரை என்றான். இன்னொருத்தி ஐந்து என்றாள். மூலையிலிருந்து ஒருவன் நிதானமாக, "நூத்தம்பது" என்றான்.

"அப்ப தாங்கி நிரம்ப ஒரு கிழமை செல்லுமோ, தம்பி?" என்று கேட்டார் ஐயா.

"தோட்டத்துத் தண்ணி அப்படித்தாங்க வரும்" என்றான் அவன்.

வாசலில் ஐயா கீர்த்திகனின் தோளில் தட்டினார். "நீர் நல்லாத்தான் படிப்பிக்கிறீர். ஆனா பிள்ளையளுக்கு ஒண்டும் ஏறேல்லை. இதுகளை இப்பிடியே விட்டிட்டு எப்பிடிப் பதுளைக்கு வாறது? கொஞ்ச நாள் இஞ்ச நில்லும்."

கீர்த்திகன் ஓய்வறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். விடைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒருத்தி கூட்டியிருக்கிறாள், ஒருவன் சராசரி எடுத்திருக்கிறான், ஒருத்தி கழித்திருக்கிறாள், ஒருவன் பெருக்கியிருக்கிறான். ஒரு பிழையை இரண்டு பேர் சொல்லவில்லை. தெரியாத வகுப்பு என்றால் பக்கத்தில் பார்த்து ஒரே பிழையைக் கூடிச் செய்யும். இது பங்கு பிரித்துக்கொண்ட பிழை.

வகுப்புக்குத் திரும்பினான். "யாரோட வேலை இது?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் சார் செஞ்சோம்" என்று எழுந்தாள் நிசாந்தினி. "எங்களுக்கு சார் இங்க இருக்கணும். அதுக்கு முந்தி அந்த ஐயா வேணாம்னு சொல்லணும். அதுக்கு முந்தி நாங்க மக்கா இருக்கணும்."

"பரீட்சையிலயும் இப்படி மக்கா இருந்துறாதீங்க."

"சேச்சே, அது வேற சார். எங்க பரீட்சை முடிஞ்சதும் நீங்க தாராளமா போங்க."

"பத்தாந் தரத்துக்காரங்க விட்டாத்தானே" என்றது மூலை.

திட்டத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவர்கள் போட்ட வழியில் ஓர் ஓட்டையும் இல்லை. அவனே போட்டிருந்தாலும் இத்தனை சுத்தமாக வந்திருக்காது. இரகுநாதன் ஐயாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம். 'ஐயா, எல்லாரும் பிழைவிட்டதே கெட்டித்தனத்துக்கு அத்தாட்சி' என்றால், இடமாற்றம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் கிடைக்கும்.

சாயந்தரம் ரெங்கம்மாவே தொலைபேசியில் அழைத்தாள். "என்னப்பா சொன்னாங்க?"

"கிடைக்கலம்மா. புள்ளைங்க ரொம்பக் கெட்டிக்காரங்களா போயிட்டாங்க."

"அது நல்லதுதானே? மக்குப் புள்ளைங்களா இருந்தா?"

"சொன்னபடி கேட்டு, சரியா விடை சொல்லியிருப்பாங்க. நானும் பதுளைக்குப் போயிருப்பேன்."

"லயத்துல கேட்டா நான் என்னத்தடா சொல்றது?" என்றாள் ரெங்கம்மா.

கீர்த்திகன் அந்தக் கணக்கையும் பின்னாலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கினான்.