பரமேஸ் அக்கா திருத்தச் சொன்ன சொல்

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானில் ஒரு பட்டறையில் காரை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நம் மொழிபெயர்ப்பாளர்களின் வாட்சாப் குழுவில் செய்தி வந்தது. ‘நம் பரமேஸ்வரி அக்கா நம்மையெல்லாம் விட்டுச் சென்றுவிட்டார்.’ அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அக்கா உயிரோடு இருந்திருந்தால் அந்த வரியையே திருத்தியிருப்பார். “எங்க சென்றார்? மாரடைப்புல செத்துட்டா. அப்படியே போடு லா.” நம் குழுவிலிருந்து அவர் விலகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. கைகூப்பிய உங்களில் எத்தனை பேர் இடையில் ஒருமுறையாவது அவரை அழைத்தீர்கள்? நானும் அழைக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பதினோரு வருடங்கள் நாங்கள் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவர் பண்டமாரானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். பிறப்புச் சான்றிதழ், உயில், தொழிற்சாலை அறிவிப்பு என்று எது வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார். “இத யாரு யாருகிட்ட சொல்றாங்க?” பதில் தெரியாமல் பேனாவைத் திறக்கமாட்டார். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். அவர் ஒரு தாளை முடிப்பதற்குள் நான் மூன்று தாள்களை முடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒருமுறை ஒரு தொழிற்சாலை அறிவிப்பு வந்தது. இயந்திரத்தை ஓடவிட்டுப் போகாதே, போகும்போது நிறுத்திவிட்டுப் போ என்பது விஷயம். ‘லீவ்’ என்ற ஆங்கில வினையைப் பார்த்ததும் ‘இயந்திரம் ஓடும்போது வெளியேறாதே’ என்று எழுதிவிட்டேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “மணியம், தீப்பிடிச்சாலும் அங்கேயே நிக்கணுமா?” பிறகு சொன்னார்: “அந்த வார்த்தை ஒண்ணுதான். ஆனா சில நேரம் ஆள் போறான், சில நேரம் பொருள் கிடக்குது. போறது யாரு, கிடக்கிறது எதுன்னு பாத்துட்டு எழுது.” ஓர் உயிலில் அதே சொல்லுக்கு ‘வீட்டை மனைவிக்கு எழுதிவைக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் எங்களில் யாரோ ‘மனைவியிடம் வீட்டை விட்டுவிடுகிறேன்’ என்று எழுதியதையும் அவர்தான் பிடித்தார்.

முருகேசன் என்பவரை உங்களில் பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய அம்மா படுத்த படுக்கையானார். ‘அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. எனக்கு லீவு வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும்’ என்று தமிழில் எழுதி மேலாளரிடம் கொடுத்தார். கம்பெனி அதை ஆங்கிலத்தில் பெயர்க்க எங்களுக்கு அனுப்பியது. அது என் மேசைக்கு வந்தது. ‘ஐ வாண்ட் லீவ்’ என்பதற்கு அவசரத்தில் ‘ஐ வாண்ட் டு லீவ்’ என்று தட்டினேன். பெயர் இல்லாமல் என் பதிவெண்ணும் அலுவலக எண்ணும் மட்டும் உள்ள என் முத்திரையையும் குத்தினேன். விடுப்புக் கேட்டவர் என் தாளில் வேலையை விட்டுப் போகக் கேட்டிருந்தார். ஆட்குறைப்பில் இருந்த கம்பெனிக்கு அது வசதியாகப் போயிற்று. பெர்மிட்டை ரத்து செய்தார்கள்.

முத்திரையில் இருந்த அலுவலக எண்ணுக்கு முருகேசன் அழைத்தபோது எடுத்தவர் அக்கா. கீழே டீக்கடையில் அவரைப் பார்த்து, நகலை வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

“மணியம், இது நீ செஞ்சதா?”

“ஆமாக்கா.”

“இந்த ‘டு’ எங்கேருந்து வந்துச்சு?”

அக்கா நகலை என் முன்னால் வைத்தார். “சரி, தப்பு எல்லாருக்கும்தான் வரும். திருத்தி எழுதி சைன் போடு, நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

எங்கள் பாஸ் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். “அந்தக் கம்பெனி மாசாமாசம் வேலை குடுக்குது. தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு நம்ம முத்திரை சாப்ப எவன் நம்புவான்? விடு லா, பரமேஸ்.”

“எதை விடுறது பாஸ்? அந்தப் பையனையா?”

நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அக்காவே திருத்தத்தைத் தட்டி என் மேசையில் வைத்தார். கையெழுத்து மட்டும் போடவேண்டும். போடவில்லை. வியாழக்கிழமை கிள்ளான் தொழிலாளர் அலுவலகத்தில் முருகேசன் புகாரின் விசாரணை. “நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். வரியா?” என்று கேட்டார். “பாக்கலாம்கா” என்றேன். அன்று வயிற்றுவலி என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு எடுத்தேன். வேண்டியபோது எனக்கு விடுப்புக் கிடைத்தது.

அவர் தனியாகப் போனார். இது உங்கள் முத்திரையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் பேசவேண்டாம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். முருகேசனை ஊருக்கு அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்வதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பே அம்மா இறந்திருந்தார். அக்கா அதன் பிறகு அலுவலகத்துக்கு வரவில்லை. திமிர் பிடித்துப் போய்விட்டார் என்று குழுவில் பேசினீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

செய்தி வந்த அன்று மாலை பண்டமாரானில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். நம் ஆட்கள் யாரும் இல்லை. தொழிற்சாலைச் சட்டையோடு ஆறேழு பேர் வாசலில் நின்றார்கள். “லீவு குடுக்கல சார், ஷிப்ட் முடிச்சு ஓடி வந்தோம்” என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவர்களுடைய விடுதிகளுக்குப் போய், கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம். லீவு கிடைக்கவில்லை என்றவர் கையிலிருந்த போனில், வீடியோ அழைப்பில் முருகேசன், ஊரிலிருந்து. அக்காவின் முகத்தைக் காட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். “இவரு அக்காகூட ஆபீஸ்ல வேலை செஞ்ச சார்.”

முருகேசன் அழுதுகொண்டிருந்தார். “சார், என் லெட்டர இங்கிலீஷ்ல எழுதினவரப் பத்தி அக்கா ஒரு தடவ சொன்னாங்க. நல்ல மனுசன்தான், பயந்துட்டாருன்னு. பேரக் கேட்டேன், சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாது” என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது முருகேசன் வாயால் வந்த அந்த வாசகம்தான். அதில் ‘நல்ல மனுசன்’ என்பது அவருடைய பெருந்தன்மை, எனக்குப் பொருந்தாது. ‘பயந்துட்டாரு’ என்பதை வைத்துக்கொள்கிறேன், அது சரியான மொழிபெயர்ப்பு. முருகேசனின் எண்ணை அன்றே வாங்கிக்கொண்டேன். இதை உங்களுக்கு எழுதி முடித்துவிட்டேன். அவரை இன்னும் அழைக்கவில்லை.