வாரேனுங்க என்று போனை வைத்தவர்

போன வருடம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம், கோவை கணபதியில் எங்கள் வீடு. கீழே என் லேத் பட்டறை, மேலே குடியிருப்பு. பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது என் தொழில். முடியளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால், அளவெடுக்காமல் எதையும் தொடமாட்டேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். அந்தப் பெருமை அன்று மதியச் சாப்பாட்டுக்குள் காலியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் பத்து வயதான ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் உண்டு. பெரும்பாலும் அது என் மனைவியுடையது. சென்னிமலையில் தறிகளில் நெய்யும் பெட்ஷீட்டுகளுக்கு அவள் அதில்தான் பார்டரும் பூவும் வரைந்து கொடுக்கிறாள். அவள் எழுந்துபோன பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் நான் கார் ரேஸ் விளையாடுவேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். வளைவு வரும்போதெல்லாம் திரை அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது என் கார் சுவரில் மோதிக் கிடக்கும். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, கிராபிக்ஸ் கார்டு பழசு என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், தான் விளையாடிய கிராபிக்ஸ் கார்டை விற்பதாக அதில் போட்டிருந்தார். சனிக்கிழமை நேரில் போனேன். முப்பது வயதுக்காரர். கார்டை மாட்டி ஓட்டிக் காட்டினார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, உங்க கம்ப்யூட்டர்ல பவர் சப்ளை எத்தனை வாட்ஸுங்க? இந்தக் கார்டு கொஞ்சம் எச்சா கரண்டு இழுக்குமுங்க."

"கரண்டுக்கு என்னங்க பஞ்சம், பட்டறைக்கு த்ரீ ஃபேஸே இழுத்திருக்கறேன்" என்றேன்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்னப் பெட்டியைப் பற்றித்தான் அவர் கேட்டார் என்பது எனக்குப் புரியவில்லை. போதாக்குறைக்கு, என் பட்டறை விசிட்டிங் கார்டையும் எடுத்து நீட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "திங்கக்கெழம காலைல தீவாளி டிசைன் பூராத்தையும் அனுப்பிப்போடறேன். அது வரைக்கும் இந்தப் பொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. பொறவு நீங்க ஏரோப்ளேன் வேணா ஓட்டிக்குங்க."

மூன்று மாத உழைப்பு அது. இருபத்திரண்டு டிசைன்கள். தேதி தவறினால் அந்தத் தீபாவளிக்கு வேறு யாருடைய பூவோ தறியில் ஏறிவிடும். அவளுக்கு முதல்முறையாகக் கிடைத்த பெரிய வேலை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை, மாதிரித் துணி எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கச் சென்னிமலைக்குக் கிளம்பினாள். அவள் ஏறிய பஸ் பெருந்துறையைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் என் பட்டறை மேஜையில் திறந்து கிடந்தது.

அப்போதுதான் தெரிந்தது, கார்டு நீளம். ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் அளவெடுக்கும் நான் கார்டை மட்டும் அளக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் மாட்டும் தகரக் கூடு குறுக்கே நின்றது. வேறு யாராக இருந்தாலும் கார்டைத் திருப்பிப் பெட்டியில் வைத்து மூடியிருப்பார்கள். நான் கணபதிப் பட்டறைக்காரன். கைக்கு எட்டும் தூரத்தில் கட்டிங் மெஷின் தொங்கிக்கொண்டிருந்தது.

டிசைன்கள் எல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். அதில் கீறல் படக்கூடாதே என்று, மனைவி மேஜைமேல் விட்டுப்போயிருந்த மாதிரி பெட்ஷீட் துண்டு ஒன்றில் சுற்றி மாடியில் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தேன். மதர்போர்டின்மேல் ஒரு துண்டைப் போர்த்தினேன். பிறகு தகரக் கூட்டை அறுத்தேன். மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. வெட்டு அத்தனை நேர்த்தி, ஓரத்தை அரம் போட்டு மழுக்கவும் செய்தேன். துண்டை உதறி, வாயால் நாலு ஊது ஊதி, கார்டை மாட்டி, ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுவந்து பொருத்தி, சுவிட்சைப் போட்டேன்.

கார்டின் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. அவ்வளவுதான். மறுபடி போட்டேன், அதே அரைச் சுற்று. புதுசைக் கழற்றிவிட்டுப் பழைய கார்டைப் போட்டேன், அந்த அரைச் சுற்றும் இல்லை.

மனைவி எப்போதும் டிசைன்களுக்கு ஒரு காப்பியைப் பென் டிரைவில் வைப்பாளே என்று ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடி நின்றது. முந்தின நாள் புதிய ரேஸ் கேமை ஒரு நண்பரிடமிருந்து ஏற்றி வருவதற்காக, அந்தப் பென் டிரைவைத் துடைத்துக் காலி செய்தவன் நான்தான். அதில் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்கு அடுத்தவன் மேல் சந்தேகம் வரும். கிணத்துக்கடவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, நீங்க குடுத்த கார்டு என்ற கம்ப்யூட்டரையே சாகடிச்சுப்போட்டுதுங்க."

"ஐயையோ, என்னாச்சுங்ணா? நேத்து நல்லா ஓடுச்சுங்களே."

"நேத்து ஓடுச்சு. இன்னைக்கு அரைச் சுத்துதான் சுத்துது. ஓடாத பொருளை என்ற தலைல கட்டிப்போட்டீங்களேங்க. இதுக்குள்ள என்ற ஊட்டுக்காரி மூணு மாசமா வரைஞ்ச டிசைன் இருக்குது. நாளைக்குக் காலைல அனுப்போணும். நான் என்னத்தைச் சொல்றது அவகிட்ட?"

எங்கள் ஊரில் ஒருவரைத் திருடன் என்று சொல்வதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. இருந்தாலும் கோபம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"செரிங்ணா. வாரேனுங்க" என்றார். போன் கட்டாகிவிட்டது.

எங்கள் பக்கம் விடைபெறுகிற யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். 'வாரேனுங்க' என்றுதான் சொல்லிப் போவார்கள். போனை வைக்கும்போதும் பலருக்கு அதே பழக்கம்தான். அவரும் அப்படித்தான் மரியாதையாகக் கழன்றுகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. குழுவைத் திறந்து, அவருடைய விளம்பரத்துக்கு அடியிலேயே எழுதினேன்: 'இவரிடம் யாரும் எதையும் வாங்காதீர்கள். ஓடாத கார்டைக் கொடுத்துவிட்டு, கேட்டால் போனை வைத்துவிடுகிறார்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். நியாயவான் இல்லையா.

ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். பட்டறை வாசலில் பைக் ஒன்று நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால், கிணத்துக்கடவுக்காரர். கையில் என் விசிட்டிங் கார்டு, முதுகுப் பையில் கனமாக ஏதோ ஒன்று.

"வழி கேட்டுக் கேட்டு வந்தனுங்க. எல்லாரும் உங்களைத் தெரியும்ங்கறாங்க" என்றார். பையிலிருந்து ஒரு பவர் சப்ளையை எடுத்து வைத்தார். "நேத்தே சந்தேகமா இருந்துச்சுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்."

'வாரேனுங்க' என்றால் வருகிறேன் என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது நாற்பத்தாறு வருடமாக அந்தப் பாஷையைப் பேசுகிறவனுக்குத் தோன்றவே இல்லை.

குனிந்து கம்ப்யூட்டருக்குள் டார்ச் அடித்தார். உள்ளே தீபாவளிக்கு மறுநாள் வாசல் போல இரும்புத் தூள் இறைந்து கிடந்தது.

"ஏனுங்ணா, எல்லாத்தையும் உள்ளுக்கே வெச்சுட்டா அறுத்தீங்க?"

"துண்டு போட்டு மூடித்தானுங்க அறுத்தேன்."

"ஈரத் துண்டுங்களா?"

"இல்லீங்க, காஞ்ச துண்டு."

"அந்த மட்டுக்கும் தப்பிச்சோமுங்க" என்றவர், தகரக் கூட்டைத் தடவிப் பார்த்தார். "வெட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நாலு ரிவெட் ஆணிலதான் நிக்குது. அதைத் துளைச்சு எடுத்திருந்தா கூடே கழண்டு வந்திருக்குமுங்க."

நாலு ரிவெட். இருபத்தைந்து வருடமாக இரும்போடு குடும்பம் நடத்துகிறவனுக்கு, தென்னந்தோப்புக்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. அவமானத்தை மறைக்க உதவிக்குப் போனேன். "பட்டறையில நல்ல காந்தம் இருக்குதுங்க. ஒரே இழுப்புல தூளு பூராத்தையும் எடுத்துப்போடலாம்."

அவர் சட்டென்று மேஜைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "அண்ணா, ஹார்ட் டிஸ்க் பக்கத்துல அதெல்லாம் வேண்டாமுங்க. நீங்க சித்த அக்கட்டால நில்லுங்க."

என் பட்டறையிலேயே என்னை ஓரமாக நிற்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நின்றேன்.

எல்லாவற்றையும் கழற்றி அட்டைமேல் பரப்பினார். மனைவியின் பெயிண்ட் பிரஷ் ஒன்றை வாங்கி, பூவுக்கு மகரந்தம் வைப்பது போலத் தட்டித் தட்டி இரும்புத் தூளை இறக்கினார். அவர் சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை எடுத்துப் பார்த்தார். சத்தத்தை அணைத்துத் திரும்ப வைத்தார். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று மாடிக்குப் போய் நான் எழுதியதை அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவரை என்னென்னவோ சொல்லியிருந்தார்கள். என் ஒரு வரிக்கு அத்தனை கொள்ளுப்பேரன்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா? கம்ப்யூட்டர் பக்கம் போகலையில்ல?"

"பக்கத்துலயே விடமாட்டேங்கறாங்க, அம்மணி" என்று சொல்ல வாய் வந்தது. "போகலை, அம்மணி" என்று மட்டும் சொன்னேன். அந்த நிமிடத்துக்கு அது உண்மையும்கூட.

கீழே வந்தபோது அவர் கார்டு மாட்டும் பள்ளத்திலிருந்து சுருண்ட இரும்புச் சீவல் ஒன்றைச் சாமணத்தால் எடுத்து உயர்த்திக் காட்டினார். பழைய கார்டையே போட்டு, தன் பவர் சப்ளையை இணைத்தார். "ஹார்ட் டிஸ்க்கை அறுக்கறப்ப எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். "இன்னைக்கு நீங்க பண்ணுன ஒரே நல்ல காரியம் அதுதானுங்க."

சுவிட்சைப் போட்டார். டிக் என்று ஒரு சத்தம். திரை ஒளிர்ந்தது. டிசைன்கள் இருக்கும் ஃபோல்டரை நான் தொடவில்லை. அவர்தான் திறந்தார். எண்ணினேன். இருபத்திரண்டு.

புதுக் கார்டை மாட்டுவார் என்று நினைத்தேன். அவர் பென் டிரைவைக் கேட்டார். "மொதல்ல அம்மணியோட டிசைனுக்குக் காப்பி எடுத்துக்கலாமுங்க." இடம் போதவில்லை. கேமை அழித்தால்தான் ஏறும். என் கையாலேயே அழித்தேன். அவர் பார்க்காத மாதிரி ஸ்குரூ முடுக்கினார். அதற்குப் பிறகுதான் புதுக் கார்டு. ஃபேன் முழுதாகச் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, பவர் சப்ளை என்னிடமே இருக்கட்டும், தனக்கு வீட்டில் வேறு இருக்கிறது என்றார். ஹெல்மெட்டை எடுத்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"குரூப்புல நான் எழுதுனதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க. உக்கடத்துல பெட்ரோல் போட நின்னப்பவே பார்த்தேன்."

"பொறவும் ஏனுங்க வந்தீங்க? திரும்பிப் போயிருக்கலாமில்ல?"

ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "திரும்பிப் போயிட்டா நீங்க எழுதுனது நெசமாயிருமுங்களே. போச்சாதுங்க, விடுங்க. வாரேனுங்க."

இந்தமுறை அது விடைபெறும் 'வாரேனுங்க'தான்.

அன்று மாலை மனைவி வருவதற்குள் நடந்தது அத்தனையும் குழுவில் எழுதினேன். த்ரீ ஃபேஸ், காய்ந்த துண்டு, காந்தம், நாலு ரிவெட், ஒன்றையும் விடவில்லை. இரும்புத் தூளைப் படம் எடுத்தும் போட்டேன். அவரைத் திட்டிய நாற்பது பேரும் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றையும் படித்தேன், எல்லாம் எனக்கு வரவேண்டியதுதான். மனைவி வந்ததும் அவளிடமும் சொன்னேன். ஃபோல்டரைத் திறந்து இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்:

"கிணத்துக்கடவுல இருந்து வந்த மனுசனுக்குச் சோறு போட்டீங்களா?"

"டீ..."

"வெறும் டீயா?"

அன்றைக்கு நான் வாங்கிய பெரிய திட்டு அதற்காகத்தான்.

திங்கட்கிழமை காலை டிசைன்கள் போய்ச் சேர்ந்தன. தீபாவளிக்குத் தறியிலிருந்து இறங்கிய முதல் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கிணத்துக்கடவுக்குப் போனோம். அங்கே சோறு போட்டவரும் அவர்தான். நான் இப்போதும் வளைவில் சுவரில்தான் மோதுகிறேன். ஆனால் இப்போது படம் உறைவதில்லை. மோதுவது துல்லியமாகத் தெரிகிறது, பழி போட ஆள் இல்லை.

யாராவது போனில் 'வாரேனுங்க' என்று சொல்லிவிட்டு வைத்தால், நான் இப்போதெல்லாம் கோபப்படுவதற்கு முன்னால் போய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன். நான் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒரு மனிதர் எனக்காகப் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதை மறக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.